அடையாள அணிவகுப்பில் ஐந்தாவது ஆள்

என்னை ஒரே மனிதர் பதினாலு தடவை சுட்டுக் கொன்றிருக்கிறார். பதினைந்தாவது தடவை நான் ஒத்துழைக்கவில்லை. அதனால்தான் இப்போது வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் சினிமாவில் துணை நடிகன். கம்பெனியில் என் பெயர் 'பொணம்'. கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் 'பொணம் அண்ணன்' என்பார்கள். எங்கள் ஹீரோவுக்குக் காக்கிச் சட்டைதான் ராசி. எந்தப் படமானாலும் அவர் போலீஸ் அதிகாரி, நான் கயவன். முதல் அரை மணி நேரத்தில் நான் ஒரு காரியம் செய்வேன். என்னாலேயே அதைத் திரையில் பார்க்க முடியாது, அவ்வளவு கேவலம். என்னைப் பிடிப்பார்கள். பத்து விரலிலும் மோதிரம் போட்ட வக்கீல் வந்து ஜாமீன் வாங்குவார். நீதிபதி தூங்கி வழிவார். மனித உரிமை பேச ஒரு பெண்மணி கறுப்புக் கண்ணாடியும் கையில் நாய்க்குட்டியுமாக வருவார். அந்த நாய்க்குட்டிக்கு என்னைவிட பேட்டா அதிகம். இதையெல்லாம் பார்த்து ரத்தம் கொதித்துப்போய் ஹீரோ சட்டப் புத்தகத்தை ஜன்னல் வழியாக வீசுவார்.

நிஜச் சட்டப் புத்தகத்தைத்தான் முதலில் கொடுத்தார்கள். அது கனம் தாங்காமல் அவர் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. அப்புறம் தெர்மாகோலில் ஒன்று செய்து கொடுத்தார்கள். அவர் அதை வெளியே வீச, காற்று அதை உள்ளே கொண்டுவந்து அவர் காலடியிலேயே போட்டது. ஐந்து டேக்கும் அப்படித்தான். ஆறாவது டேக்கில் கம்பி கட்டி இழுத்து ஒருவழியாகச் சட்டத்தை ஒழித்தோம்.

அதற்குப் பிறகு என்னைப் பாலத்துக்குக் கூட்டிப்போய், "ஓடு" என்பார். நான் ஓடுவேன். சுடுவார். தியேட்டர் அதிரும். ஹீரோ ஒரு படத்திலும் தப்பான ஆளைச் சுட்டதே கிடையாது. எப்படிச் சுடுவார்? நான் செய்ததைத்தான் எல்லாருக்கும் முன்கூட்டியே காட்டிவிட்டார்களே! டிக்கெட் வாங்கிய அத்தனை பேரும் நேரில் பார்த்த சாட்சி.

என் மனைவி துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அமைதியானவள். நான் சாகும்போது மட்டும் விசிலடித்துக் கை தட்டுவாள். "கட்டின புருஷன் சாகறான், கைதட்டறியே" என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க அந்தப் பொண்ணுக்குப் பண்ணின காரியத்துக்குக் கை தட்டாம என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதினாலாவது படம் வெளிவந்த இரண்டாம் வாரம் எங்கள் ஏஜென்ட் கூப்பிட்டார். துணை நடிகர்களை லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் அவர் தொழில்.

"நாளைக்குக் காலைல போலீஸ் ஸ்டேஷன். ஆறு பேர் வேணும். நீயும் வா. அரை நாள் பேட்டா, மத்தியானம் சாப்பாடு."

"என்ன சீன் அண்ணே?"

"வரிசையா நிக்கணும். அவ்வளவுதான். டயலாக் கிடையாது."

போன பிறகுதான் அது நிஜ ஸ்டேஷன் என்று தெரிந்தது. எங்களில் ஒருவன் தழும்பு மேக்கப்பெல்லாம் போட்டுக்கொண்டு வந்து கேமராவைத் தேடிக்கொண்டிருந்தான். ஏட்டு ஒருவர் அவனைக் குழாயடிக்கு அனுப்பி முகம் கழுவ வைத்தார். விஷயம் இதுதான். பத்து நாளுக்கு முன்னால் பட்டப்பகலில் ஒரு வீட்டில் திருடன் புகுந்து, அங்கிருந்த பெரியவரைக் கம்பியால் மண்டையில் அடித்துவிட்டு நகையோடு ஓடிவிட்டான். பெரியவர் பிழைக்கவில்லை. அவர் மனைவி, ஓய்வுபெற்ற டீச்சர், திருடனை ஒரு நிமிடம் பார்த்திருக்கிறார். இப்போது ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள். அவனைப் போலவே இருக்கும் ஆட்களோடு அவனைக் கலந்து நிறுத்தி, டீச்சரம்மா அடையாளம் காட்ட வேண்டும். அடையாள அணிவகுப்பு என்று பெயர். ஒல்லியாக, கறுப்பாக, தாடியோடு ஆள் வேண்டும் என்றதும் இன்ஸ்பெக்டர் எங்கள் ஏஜென்டுக்குத்தான் போன் போட்டாராம். சினிமாவில் குற்றவாளி என்றால் அந்த அளவெடுப்புதானே!

அந்த இன்ஸ்பெக்டர் எங்கள் படங்களுக்கு ஆலோசகர். ஸ்டேஷனுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். ஹீரோ இவரைப் பார்த்து நடக்கிறாரா, இவர் ஹீரோவைப் பார்த்து நடக்கிறாரா என்று கம்பெனியில் ஒரு பட்டிமன்றமே நடந்திருக்கிறது.

ஃபைல் அடுக்கிய ஒரு அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். பிடிபட்டவன் என் பக்கத்தில் இருந்தான். குழாய் ரிப்பேர் செய்பவன். கொலை நடந்த அன்று பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவன், ஆள் இல்லை என்று திரும்பியிருக்கிறான். அதைப் பார்த்த யாரோ சொல்லிவிட்டார்கள். மனைவி, ஏழு மாதக் குழந்தை. என்னைப் பார்த்ததும் அவனுக்கு விலங்கே மறந்துபோயிற்று.

"அண்ணே, பாலத்து மேல சாவீங்களே, நீங்கதானே? மூணு தடவை பார்த்தேண்ணே! உங்களை மாதிரி ஆளையெல்லாம் அப்படித்தான் சுடணும்."

"தம்பி, அது நடிப்பு."

"தெரியுதுண்ணே. பொதுவாச் சொன்னேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"எதுக்குண்ணே? மடியில கனமில்ல, வழியில பயமில்ல. நான் பண்ணல. நம்ம இன்ஸ்பெக்டர் நம்ம ஹீரோ மாதிரி. தப்பான ஆளைத் தொடவே மாட்டார்."

மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் அணிவகுப்பு நடக்க வேண்டும். அவர் வண்டி வழியில் நின்றுவிட்டது என்று தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஷூட்டிங்கில் பழகியவர் அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை. "அதுக்குள்ள ஒரு ஒத்திகை பார்த்துடலாம்" என்றார். எங்களுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. ஒத்திகை இல்லாமல் டேக் போவதுதான் எங்களுக்குத் தப்பு.

ஏழு பேர் வரிசையாக நின்றோம். பிளம்பர் இரண்டாவது, நான் ஐந்தாவது. டீச்சரம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்றார். சட்டென்று என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"இவன்தான்! இந்த முகத்தை எப்படி மறப்பேன்? அவர் உனக்கு என்னடா பண்ணினார்? தண்ணி கேட்டிருந்தாக்கூடக் குடுத்திருப்பாரேடா!"

அந்த அழுகையைக் கேட்டதும் ஒரு நிமிடம் நான்தான் செய்திருப்பேனோ என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் விளங்கியது. பத்து நாளாக டிவியில் அவர் கணவரின் படத்தை ஒரு பக்கமும், 'இப்படி ஒரு நீதி வேண்டும்' என்று ஹீரோ என்னைச் சுடும் காட்சியை மறுபக்கமும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம், கண்ணை மூடினால் அவருக்கு என் முகம்தான் வந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் முதல் முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, இவர் சினிமாக்காரர். சும்மா நிக்க வந்தவர். பதறாதீங்க, இது ஒத்திகைதான். நல்லா நிதானமாப் பாருங்க. அந்த ரெண்டாவது ஆளைப் பாருங்க."

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "இவனா இருக்குமோ?"

"இருக்குமோ இல்லம்மா. இவன்தான்."

முக்கால் மணி நேரம் கழித்து மாஜிஸ்திரேட் வந்தார். ஜலதோஷத்தோடு ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. போலீஸார் அத்தனை பேரையும் வெளியே போகச் சொன்னார். எங்களை இடம் மாற்றி நிற்கச் சொன்னார். பிளம்பர் ஆறாவது இடத்துக்குப் போனான். நான் ஐந்திலேயே நின்றேன். டீச்சரம்மா வந்தார். மற்ற முகங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போய் பிளம்பரைக் காட்டினார். ஒரே டேக்.

"அம்மா!" என்று கத்தினான் அவன். "முதல்ல இவரைத்தாம்மா காட்டினாங்க! சட்டையைப் பிடிச்சு அழுதாங்க! கேட்டுப் பாருங்க!"

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். "இவர் சொல்றது உண்மையா? இதுக்கு முன்னாடி ஏதாவது நடந்துதா?"

ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஏஜென்ட் நின்றிருந்தார். 'வேண்டாம்' என்று தலையை லேசாக, மிக லேசாக, ஆட்டினார். டேக்கில் வாயைத் திறந்த துணை நடிகனுக்கு மறுநாள் லாரியில் இடம் கிடையாது. இது எங்கள் தொழிலின் முதல் பாடம். பத்து வருஷமாக அந்தப் பாடத்தில் நான்தான் முதல் மார்க்.

"அப்படி எதுவும் நடக்கலைங்கம்மா" என்றேன்.

மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். பிளம்பர் என்னைத் திட்டவில்லை. "அண்ணே" என்று மட்டும் சொன்னான். அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாஜிஸ்திரேட் எழுதி முடித்துக் கிளம்பினார். நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். யாராவது 'கட்' சொல்வார்கள் என்று உடம்பு காத்திருந்தது. யாரும் சொல்லவில்லை. அப்புறம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சாப்பிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். "அவன் பண்ணலைன்னா ஏன் பிடிக்கறாங்க?" என்று கேட்டாள்.

"என்னை யாரும் பிடிக்கவே இல்லையேடி. என்னையும்தான் அந்தம்மா சட்டையைப் பிடிச்சுக் காட்டினாங்க."

அவள் எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தாள். பிறகு, "வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்காதீங்க" என்றாள். ஆனால் அன்று அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து பதினைந்தாவது படம். பழைய கிடங்கு ஒன்றில் செட். நான் செத்துக் கிடக்க, ஹீரோ என் நெஞ்சில் காலை வைத்துக்கொண்டு இரண்டு பக்க வசனம் பேச வேண்டும். நெஞ்சு நோகாமல் இருக்க அவர் பூட்ஸுக்கு அடியில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தார்கள். பாகில் கலந்த சிவப்புச் சாயம் சட்டை முழுக்க ஊற்றியாயிற்று. எறும்பு வேறு வந்துவிட்டது. பிணம் சொறிந்துகொள்ளக் கூடாது.

ஹீரோவுக்கு வசனம் மனசில் நிற்கவில்லை. ஒவ்வொரு டேக்கும் போன பிறகு அவர் காகிதத்தைப் பார்க்கப் போவார். நான் கிடந்த இடத்திலேயே கிடப்பேன். இன்ஸ்பெக்டரும் டைரக்டரும் என் தலைமாட்டில் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிணத்துக்கு முன்னால் யார் என்ன பேசத் தயங்குவார்கள்?

"அந்தப் பெரியவர் கேஸு என்ன ஆச்சு சார்?" என்றார் டைரக்டர்.

"நாளைக்கு விடியக்காலைல நகையைக் காட்டறேன்னு எங்களைக் கூட்டிட்டுப் போவான். வழியில ஓடுவான்." இன்ஸ்பெக்டர் ஒரு வாய் குடித்தார். "பாலம் நல்லா இருக்குமா, கல்குவாரி நல்லா இருக்குமா?"

"குவாரி சார். பேக்கிரவுண்ட் பிரமாதம். எதிரொலியும் கிடைக்கும்."

"ஆனா அவன் ஓடற ஜாதியாத் தெரியல. ஓடுடான்னா, 'ஏன் சார்?'னு கேப்பான் போலிருக்கு. உங்க பொணம் எவ்வளவு அழகா ஓடறான்!"

இருவரும் சிரித்தார்கள். என்னைப் பாராட்டித்தான் சிரித்தார்கள்.

நான் எப்படி ஓடுவேன் என்று எனக்குத் தெரியும். எத்தனை அடி ஓடினதும் சுடுவார்கள் என்று தெரியும். விழுந்த பிறகு எழுந்து மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவேன் என்றும் தெரியும். அவனுக்குக் கடைசியில் இருக்கிற அந்த ஒன்று மட்டும் கிடையாது. நான் 'நடக்கலைங்கம்மா' என்று சொன்ன அந்த ஒற்றை வார்த்தையை வைத்துத்தான் அவனைக் குவாரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

"டேக்" என்றார்கள். ஹீரோ நெஞ்சில் காலை வைத்தார்.

"சட்டம் நடந்து வரும். நான் ஓடி வருவேன். சட்டம் சாட்சி கேக்கும். நான்..."

நான் எழுந்தேன்.

ஹீரோ "ஐயோ!" என்று அலறிக்கொண்டு மல்லாக்க விழுந்தார். எத்தனையோ துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டினவர், ஒரு பிணம் எழுந்ததும் அம்மாவைக் கூப்பிட்டார். "டேய் பொணம், படுடா!" என்று டைரக்டர் கத்தினார். ஏஜென்ட் குறுக்கே ஓடிவந்தார். நான் நிற்கவில்லை. கிடங்கின் பின்வாசல் வழியாக வெளியே வந்து பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் ரத்தச் சட்டையோடு ஒருவன் நிற்கிறானே என்று யாரும் பதறவில்லை. "ஓ, பாலத்து மேல சாவாரே, அவர்" என்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நடுவில் மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "சொல்லச் சொல்லக் கேக்காம ஓணானை எடுத்து விட்டுக்கிட்டீங்களா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். ஆனால் நான் கோர்ட்டு வாசலில் இறங்கும்போது, கடையில் அனுமதி கேட்டு, கையில் துவைத்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாஜிஸ்திரேட் தூங்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"அன்னைக்கு ஏன் பொய் சொன்னீங்க?"

"முதல்ல நடந்தது ஒத்திகை, நீங்க வந்தது டேக்குன்னு நினைச்சிட்டேம்மா. டேக்குல நாங்க பேசக் கூடாது."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அந்தம்மா உங்களைத்தான் காட்டினாங்கன்னா, கொலை நடந்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"செத்துக் கிடந்தேம்மா. வேற ஒரு படத்து ஷூட்டிங், காலைல எட்டுலேர்ந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும். கம்பெனி வருகைப் பதிவேட்டுல இருக்கு."

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பொய் வாக்குமூலத்துக்கு என் மேல் நடவடிக்கை வரலாம் என்றார். வரட்டும் என்றேன். ஒரு வக்கீலை வரவழைத்தார். அவர் விரலில் ஒரு மோதிரம்கூட இல்லை. பை வாரை ஊக்கு குத்தி மாட்டியிருந்தார், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். இருவருமாக வரி வரியாக எழுதினார்கள். பின்னணி இசை கிடையாது. ஒரு பக்கம் எழுத இருபது நிமிடம் ஆயிற்று. சாயங்காலத்துக்குள் பிளம்பரைத் தன் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போயிற்று.

ஐந்து மணிக்கு உயிரோடு கொண்டுவந்தார்கள். அவனைப் போலீஸிடமிருந்து எடுத்து ஜெயிலுக்கு அனுப்பினார் மாஜிஸ்திரேட். ஜெயில் அவனுக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு.

அதற்குப் பிறகு எனக்கு நடந்ததைச் சொன்னால் ஒப்பாரி மாதிரி இருக்கும். கம்பெனி என்னை நீக்கிவிட்டது. நாய்க்குட்டி இல்லாத குறைதான், மற்றபடி நான்தான் மனித உரிமைப் பேர்வழி என்று டிவியில் காட்டினார்கள். வீட்டுச் சுவரில் 'கொலைகாரன் நண்பன்' என்று எழுதிவைத்தார்கள். மனைவி அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், போகவில்லை. டீச்சரம்மாவை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. அவர் கணவரைக் கொன்றவன் இன்னும் வெளியேதான் இருக்கிறான். அவனைத் தேடவே யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

இருபத்தைந்து நாள் கழித்து பிளம்பருக்கு ஜாமீன் கிடைத்தது. ஜெயில் வாசலுக்கு நானும் போயிருந்தேன். அவன் மனைவி குழந்தையோடு நின்றாள். வக்கீல் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்தவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அன்று பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, கடைசியில வந்தீங்கல்ல" என்றான். குழந்தையை வாங்கி முத்தம் கொடுத்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சரி, வேலை போனால் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் சொன்னான்:

"அந்தப் பெரியவரை நிஜமாக் கொன்னான் பாருங்க, அவன் மட்டும் கெடைக்கட்டும்ணே. கோர்ட்டு, கேஸு எதுவும் வேணாம். நடுரோட்டுல நிக்க வெச்சுச் சுட்டுடணும்."

நான் நின்றுவிட்டேன். "தம்பி, அவன்தான் நிஜமான ஆளுன்னு எப்படித் தெரியும்?"

என்னைப் பார்த்து அவன் சிரித்தான். இது தெரியாமலா இத்தனை வருஷம் சினிமாவில் இருந்தீர்கள் என்கிற மாதிரியான சிரிப்பு.

"அதான் அந்த டீச்சரம்மா இருக்காங்களேண்ணே. அவங்க பார்த்துச் சொல்லிடுவாங்க."